குறைந்த செலவில் ஊட்டி போனவர்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மல்லிகா_செங்கை:

எல்லாரும் போகிற வழிதான். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து காலை 7.10 மலை ரயில். நான், அம்மா, நாலு வயசுப் பையன். எங்களுக்கு முன்பதிவு இருந்தது. அரையாண்டு விடுமுறை என்பதால் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு இருட்டிலேயே வரிசை நின்றது. அந்த வரிசையில் கோபிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கூட அவர் மனைவி. அவருக்கு முன்னால் ரெண்டே பேர் இருக்கும்போது டிக்கெட் தீர்ந்துவிட்டது.

அந்த அம்மா எங்கள் ஜன்னலோரம் வந்து பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “புறப்பட நேரமிருக்கு, உள்ள வந்து செத்த உக்காருங்க” என்று என் அம்மா கூப்பிட்டார். வந்தார். ஜன்னல் கட்டையை ஒரு தரம் தடவிப் பார்த்தார். இஞ்சின் எங்கே என்று கேட்டார். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும் என்று சொன்னேன். “அப்ப முன்னாடி பூராம் காடுதான் தெரியும்” என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

விசில் ஊதும் நேரம் எழுந்தவர், தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்துப் பையனுக்குச் சுற்றிவிட்டார். புதுசு. விலைச்சீட்டு கட்டியிருந்த நூல்கூட ஓரத்தில் தொங்கியது. “மேல போனா நடுங்கிருவான் கண்ணு. நாங்க பஸ்ல வந்துர்றோம். ஊட்டி டேசன்ல வாங்கிக்கிறேன்.” மறுத்துப் பேச நேரமில்லை, வண்டி நகர்ந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு ஊட்டியில் இறங்கியதிலிருந்து சாயங்காலம் வரை நிலையத்து பெஞ்சில் இருந்தோம். வரவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்றேன். பேர் தெரியாது, ஊர் கோபிப் பக்கம் என்பது மட்டும்தான். அவர்களுக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டதா, இல்லை குளிருக்குப் பயந்து திரும்பிவிட்டார்களா? சால்வையைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது.

கோவை_சரவணன்:

அக்கா, மனசைத் தொட்டது. என்னுடையது சின்னது. ராத்திரி ஒன்பது மணி, ஊட்டி பஸ் ஸ்டாண்ட், சாரல். ஒருத்தர் குடையோடு கூடவே நடந்து வந்து மேட்டில் ஒரு லாட்ஜைக் காட்டினார். காசு நீட்டினேன், வாங்கவே இல்லை. காலையில் கணக்குத் தீர்க்கும்போது பக்கத்து அறைக்காரர் கொடுத்ததைப் பார்த்தேன், எனக்கு முன்னூறு ரூபாய் கூட. குடைக்காரரின் கமிஷன் என் வாடகையிலேயே இருந்திருக்கிறது. ஆனால் தான் நனைந்துகொண்டு குடையை என் மகள் தலைக்கு மேல் பிடித்து வந்தார். கோபப்படவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

சரி, செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில், மே மாதம் போகாதீர்கள். மலர்க் கண்காட்சி நேரத்தில் அதே அறை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. ஜூலை, ஆகஸ்டில் வாடகை இறங்கும், ஆனால் மழையும் காற்றும் வெளியே விடாது. இரண்டாவது சீசன் என்கிற செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜனவரியில் பொங்கல் கூட்டம் போனபிறகு இன்னும் நல்லது, பனி தாங்குமென்றால்.

சொந்தக் கார் எடுக்காதீர்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதி, இருக்கிறது, 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று வரம்பும் வைத்தது. பாஸுக்குக் காசில்லை, ஆனால் கடைசி நேரத்தில் நம்ப முடியாது. அரசு பஸ்ஸில் ஏறினால் இந்தக் கவலையே கிடையாது. கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நாள் முழுக்க வண்டி உண்டு.

மலை ரயில் ஆசை இருந்தால் மேட்டுப்பாளையத்தில் தூக்கம் கெட்டு நிற்க வேண்டாம். பஸ்ஸில் குன்னூர் வந்து, குன்னூர்–ஊட்டி வண்டியில் ஏறுங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அழகாகப் போகும். அறையை ஊட்டி நடுவிலுள்ள சேரிங்கிராஸ் பக்கம் தேடாதீர்கள், பத்து நிமிஷம் மேலே நடந்தால் விலை இறங்கும். பழைய பங்களா மாதிரி வேண்டுமென்றால் ஆனந்தகிரி ஒய்.டபிள்யூ.சி.ஏ., முன்கூட்டியே கேளுங்கள். சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் சாவி வாங்காதீர்கள். வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், அங்கே பிளாஸ்டிக் பாட்டில் தடை, குடிநீர் ஏ.டி.எம்.மில் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் டாக்ஸி எதற்கு? எமரால்டு, இத்தலார், தலைக்குந்தா எல்லாவற்றுக்கும் உள்ளூர் பஸ் இருக்கிறது. அதிலேயே சுற்றினால் ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலைத் தோட்டம் முழுக்கப் பார்த்துவிடலாம்.

ரயில்பித்து:

சரவணன், குன்னூரிலிருந்து ஏறினால் போதும் என்று சொல்லாதீர்கள். தண்டவாள நடுவில் உள்ள பற்களை இஞ்சின் பிடித்து ஏறும் பல்சக்கரப் பாதை இருப்பதே கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். நீராவி இஞ்சினும் அதுவரைதான், அதற்கு மேல் டீசல். 1899-இல் குன்னூர் வரை போட்ட அந்தப் பகுதியை விட்டுவிட்டு வந்தால் மலை ரயிலில் பாதிக்கு மேல் விட்ட மாதிரி. அந்த அம்மா காடு தெரியும் என்று சொன்னாரே, அது அங்கேதான்.

எனக்கு நவம்பர் மழை. மண் சரிந்து வண்டி ரத்து. பணம் திரும்ப வந்துவிட்டது, அது பிரச்சினை இல்லை. கல்லாறு பக்கம் பார்க்கலாமே என்று போனேன். தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்லில் ஒட்டிய சேற்றை ஒரு ஊழியர் குந்தி உட்கார்ந்து கம்பியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். மழை நிற்கவில்லை. “ஒரு கல்லு இருந்தாலும் போதும் சார்” என்று மட்டும் சொன்னார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிக்கெட் கிடைக்காத கோபத்தில் ரயில்வேயைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் அவர் முதுகுதான் ஞாபகம் வருகிறது.

காந்தல்_வாசி:

நான் ஊட்டியில் பிறந்து வளர்ந்தவன். சரவணன் அண்ணா, நீங்கள் நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் “உள்ளூர் பஸ்ஸிலேயே சுற்றுங்கள்” என்பதை இப்படிப் பொதுவாகச் சொல்லாதீர்கள்.

போன மே மாதம், சாயங்காலம், எமரால்டு போகிற பஸ். ஜன்னலோரம் எல்லாம் வெளியூர்க் குடும்பங்கள். ஏரியைப் பார்த்துவிட்டு அதே வண்டியில் திரும்பப் போகிறவர்கள். படியில் முத்தோரைப் பாலடாவில் கேரட் கழுவும் வேலைக்குப் போய் வந்த பெண்கள். வழியில் ஒரு நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், ஜி.எச்.சில் காட்டிவிட்டுத் திரும்புகிறவள், கையில் மருந்துச் சீட்டு. கண்டக்டர் “இடமில்லம்மா, அடுத்த வண்டி” என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. சீட்டு நனையாமல் குழந்தையின் போர்வைக்குள் செருகிக்கொண்டு ரெண்டடி பின்னால் போய் நின்றாள். அடுத்த வண்டி எப்போது என்று எனக்குத் தெரியும். நான் இறங்கி அவளை ஏற்றிவிட்டேன். அது பெரிய விஷயமில்லை, எனக்கு ஆட்டோவுக்குக் காசிருந்தது. உள்ளே அத்தனை பேரில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை, எல்லாரும் மறுபக்கம் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்களுக்கு அந்த பஸ்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாம். உங்கள் செலவு குறைவது எங்கள் இடத்தில் போய் விழக்கூடாது.

கோவை_சரவணன்:

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் டாக்ஸிக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். கூலி வேலை பார்க்கிற குடும்பம் மலையே பார்க்கக்கூடாதா? மல்லிகா அக்கா சொன்ன பெரியவர் எதில் வந்திருப்பார்? அவரும் பஸ்தான்.

திருச்சி_ஹாஸ்டல்:

ரெண்டு பேருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் காலேஜ் பசங்க. ஜனவரியில் உறைபனி பார்க்க விடியுமுன் தலைக்குந்தா போனோம். புல்லெல்லாம் வெள்ளை, மிதித்தால் நொறுநொறு என்று சத்தம். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ரோட்டோரம் சுள்ளி போட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்த சில அக்காமார் எங்களைக் கூப்பிட்டார்கள். கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள், ஜீப்புக்காக நின்றிருந்தார்கள். ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தீயில் காட்டிய அவர் விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் வெடிப்பு, வெடிப்புக்குள் செம்மண். கையுறை போட்டால் கேரட் வழுக்கும் தம்பி என்றார்.

ரூம் எவ்வளவு என்று கேட்டார். மலிவாகப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் ஆயிரத்து ஐந்நூறு என்றேன். “மூணு நாள் கூலி” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா கணக்குப் போட்டார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. தீயை அணைக்காமல் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

காந்தல் அண்ணா, இந்தக் கோடையில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். டாக்ஸிக்கு வசதி இல்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பஸ்ஸில் போக வழி இருந்தால் சொல்லுங்கள்.

காந்தல்_வாசி:

கேட்டதற்கு நன்றி தம்பி. தாராளமாக வாங்க. காலையில் பத்து மணிக்குப் பிறகு ஏறுங்கள், அதற்கு முன்னால் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகிறவர்கள். மத்தியானம் மூன்று மணிக்குள் ஊட்டிக்குத் திரும்பிவிடுங்கள். நடுவில் வண்டிகள் பாதி காலியாகத்தான் ஓடும், அப்பா அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். சீசனில் சுற்றுலா இடங்களுக்கென்று தனியாகச் சுற்றுப் பேருந்து விடுவார்கள், பஸ் ஸ்டாண்டிலேயே கேளுங்கள், முதலில் அதைப் பாருங்கள். தாவரவியல் பூங்காவுக்கு பஸ்ஸே வேண்டாம், சேரிங்கிராஸிலிருந்து நடந்துவிடலாம், அம்மாவுக்கு முட்டி வலி இல்லையென்றால். சனி ஞாயிறு மட்டும் தவிர்த்துவிடுங்கள்.