பல்லுக்கு மாத்திரை போட்டேன், கீழே அரிப்பு வந்துவிட்டது: வீட்டு வைத்தியம் போதுமா?

பனியன்_ஊர்க்காரி:
பல் வேர் சிகிச்சைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, ஆனால் கீழே அரிப்பு தாங்கவில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுகிறது, வாடை இல்லை. திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. அத்தை, "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி, வேப்பிலைத் தண்ணீரில் படிகாரம் போட்டுக் கழுவு" என்கிறார். யூடியூபில் ஒருத்தர் பூண்டை உரித்து உள்ளே வைக்கச் சொல்கிறார். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது அக்கா.

பழைய_நர்ஸ்:
பூண்டைக் குழம்பில் போடு கண்ணு. உள்ளே வைத்தால் வெந்து புண்ணாகிவிடும்.

அந்த இடத்தில் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமி எப்போதும் இருக்கும். அதுதான் அங்கே அமிலத்தன்மையைக் காப்பாற்றி, பூஞ்சையை அடக்கி வைக்கிறது. பல்லுக்குப் போட்ட மாத்திரை அதையும் சேர்த்துக் கொன்றிருக்கும். அந்தச் சமயம் பார்த்து கேண்டிடா பூஞ்சை பெருகிவிடும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அத்தை மனசு கோணாமல் வெந்தயம் குடித்துக்கொள், ஆனால் பூஞ்சை அதற்கெல்லாம் போகாது.

வேப்பிலைத் தண்ணீர் ஆறிய பிறகு வெளியே மட்டும் ஊற்றலாம். உள்ளே பீய்ச்சிக் கழுவாதே, மிச்சம் இருக்கும் நல்ல கிருமியும் போய்விடும். படிகாரம், டெட்டால், வாசனை சோப்பு மூன்றும் எரிச்சலைக் கூட்டும். தயிர் தாராளமாகச் சாப்பிடு, தடவ வேண்டாம். தேங்காய் எண்ணெய் வெளித்தோலுக்கு இதமாக இருக்கும், ஆனால் ஆணுறை பயன்படுத்துவதாக இருந்தால் கவனம், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும். லெக்கிங்ஸை விட்டுப் பருத்தி உடைக்கு மாறு. பனியன் ஊரில் அதற்கா பஞ்சம்!

மருந்து ரொம்பச் சின்னது. க்ளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ராத்திரி உள்ளே வைப்பது, இல்லையென்றால் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒன்றை விழுங்குவது. கர்ப்பமாக இருந்தால் விழுங்குவது கூடாது. முதல் தடவை என்றால் நீயே கடையில் வாங்காமல் ஒருமுறை காட்டிவிடு. மீன் வாடையோடு சாம்பல் நிறமாகப் போனாலும், பச்சையாக நுரைத்துப் போனாலும் அது வேறு நோய், மருந்தும் வேறு. அடிவயிற்று வலியோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே போ. அரசு ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போனால் கூச்சமும் இருக்காது.

சேலத்து_மகள்:
அடிக்கடி வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். என் அம்மாவுக்கு டாபாக்ளிஃப்ளோசின் ஆரம்பித்ததிலிருந்து இதே தொல்லை. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை, பூஞ்சைக்கு அங்கேயே தீனி. மஞ்சள் அரைத்துப் பூசிப் பூசித் துணியெல்லாம் கறையானதுதான் மிச்சம். டாக்டரிடம் சொன்னதும் வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பனியன்_ஊர்க்காரி:
நன்றி அக்கா. சர்க்கரை இல்லை, போன மாதம்தான் கம்பெனி கேம்ப்பில் பார்த்தார்கள். வீட்டுக்காரருக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா?

பழைய_நர்ஸ்:
அவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும். ஒன்றும் இல்லையென்றால் தேவையில்லை. உனக்குச் சரியாகும் வரை தள்ளி இருங்கள், அவ்வளவுதான். மருந்து போட்டும் குறையாவிட்டாலோ, சீக்கிரமே திரும்ப வந்தாலோ மறுபடி காட்டு. ஒரு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டி வரும்.