சுவர், சீலிங்கில் பூசித் தேய்க்கும் பட்டியின் தூசிக்கு எந்த வேக்குவம் கிளீனர் தாங்கும்?

கோவையில் 6 பேருடன் கிளீனிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இன்டீரியர் வேலை முடிந்த அலுவலகங்கள்தான் அதிகம். இருப்பது 30 லிட்டர், 1400 வாட், ஈரத்துக்கும் தூசிக்குமான மெஷின். வாங்கி 8 மாதம். ஒரு மாதமாக, ஃபால்ஸ் சீலிங்கில் பட்டி தேய்த்த வெள்ளைத் தூசியை இழுத்தால் 20 நிமிடத்தில் இழுவை போய்விடுகிறது, சத்தம் மட்டும் ஏறுகிறது. போன வாரம் பின்பக்கமாகத் தூசியே வெளியே வந்தது. வேலை செய்பவர்கள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள், எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

ஃபில்டரைக் கழுவி நன்றாகக் காயவைத்துப் போட்டேன், அப்புறம் புதிதே மாற்றினேன். ஹோஸில் அடைப்பில்லை. பேப்பர் பை போட்டதும் கொஞ்சம் தேவலை, அரை மணி நேரம் தாங்கியது. மோட்டார் நன்றாக இருக்கிறது என்கிறார் மெக்கானிக்.

பட்ஜெட் 40,000 ரூபாய். இந்தத் தூசிக்கு இரட்டை மோட்டார் 60 லிட்டர் வாங்குவதா, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரோடு ஒற்றை மோட்டார் வாங்குவதா?