கிளுவை வேலியை எடுக்காமல் கொரங்காட்டைக் காப்பது எப்படி?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொரங்காடு (உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் காடு) வைத்திருப்பவர்கள் வழி சொல்லுங்கள். 4 ஏக்கர், மானாவாரி. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நன்றாகவே இருக்கின்றன. இட்டேரியை (இருபுற வேலிக்கு நடுவே போகும் மண்பாதை) ஒட்டிய கிளுவை முள்வேலியில்தான் சிக்கல். அடிக்கிளை பட்டுப்போன இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் சந்து. தெருநாய்கள் அதில் நுழைந்து ஆடுகளைக் கடிக்கின்றன.

வேலியைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினால் நாலடி நிலம் மிச்சமாகும் என்கிறார்கள். கூடவே கௌதாரி, கீரி, இட்டேரியின் பசுமை எல்லாம் போய்விடும். அதற்கு மனம் ஒப்பவில்லை.

சந்தில் நட்ட கிளுவைப் போத்துகள் (நடுவதற்கு வெட்டிய கிளைகள்) பழைய வேரோடு தண்ணீருக்குப் போட்டி போட முடியாமல் காய்ந்துவிடுகின்றன. எந்தத் தடிமன் போத்து, எவ்வளவு ஆழம்? ஐப்பசி மழைக்கு முன்பா, பின்பா? அது தழையும்வரை உட்புறம் வலை அடித்தால் அடியில் எத்தனை அங்குலம் புதைக்க வேண்டும்? நாய் மண்ணைத் தோண்டிக்கொண்டு வருகிறதே.

காட்டை நாலாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்க்கப் போகிறோம். விதை உதிரும் முன் மேய்த்தால் அடுத்த மழைக்குப் புல் அடர்த்தி குறைகிறது. கோடைக்கு வெள்வேலங்காய் கைகொடுக்கும். இந்த முறையில் எத்தனை செம்மறி விட்டால் காடு தாங்கும், கட்டுபடியும் ஆகும்?