சூன் பாண் பாட்டுக் கேட்டு ஓடினன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

கடலோர ஒழுங்கை:
தாய்வானுக்குப் படிக்க வந்து ஏழு கிழமை. இரவு அறையில படுத்திருந்தன், தெருவில அந்தப் பாட்டு. பீத்தோவனின்ர ஃபியூர் எலீஸ் எண்டு இங்க வந்துதான் அறிஞ்சன். கொழும்பு வெள்ளவத்தையில வளர்ந்த ஆளுக்கு அது பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாப் பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோதானே. யோசிக்கவே இல்லை. சில்லறையை அள்ளிக்கொண்டு செருப்பும் போடாமல் மூன்று மாடி இறங்கி ஓடினன். கீழே மஞ்சள் லொறி ஒண்டு. தெருவே குப்பைப் பைகளோட நிக்குது. இங்க குப்பை லொறிக்குத்தான் அந்தப் பாட்டு. பையை நிலத்தில வைக்கக் கூடாது, அவரவர் கொண்டுவந்து லொறிக்குள்ள எறிய வேணும். பக்கத்தில நிண்ட ஆச்சி என்ர கையில காசை மட்டும் பார்த்திட்டு, தன்ர பைகளில ஒண்டைத் தந்து போடச் சொல்லிக் கை காட்டினா. போட்டிட்டு மேல வந்து அழுதன். அம்மாட்ட இன்னும் சொல்லேல்லை.

101 பஸ்:
பாணுக்கு அழாதீங்க தங்கச்சி, இங்க கனடா ஸ்காபரோவில இடியப்பத்தில இருந்து எல்லாம் கிடைக்குது. எனக்கு இல்லாமல் போனது வேற. போன மாசி, பனி கொட்டுது. வேலை முடிஞ்சு பஸ்ஸில நித்திரையாப் போனன். முழிச்சுப் பார்த்தால் என்ர தரிப்பு தாண்டப் போகுது. மணி அடிக்கத் தோன்றேல்லை. "பஹினவா!" எண்டு கத்திட்டன். கொழும்பில காலி வீதி பஸ்ஸில பதினைஞ்சு வருசம் இறங்கிறதுக்குச் சிங்களத்தில கத்தின சத்தம். பின் சீற்றில இருந்து ஒரு வயசான அம்மா, "கொஹேத புத்தே?" எண்டு கேட்டா. எந்த இடம் மகனே எண்டு. அவ தெஹிவளையாம். நான் இறங்கேல்லை, கடைசித் தரிப்பு மட்டும் அவவோட போனன். எங்கட வீட்டு வாசலுக்கு உள்ள ஒரு சிங்களச் சொல் வராது. இங்க வந்து அதுக்கும் ஏங்கிறன்.

பழைய பம்பலப்பிட்டி:
101, உங்கட பதிவை வாசிச்சு இரவு எனக்கு நித்திரை இல்லை. 1983 ஆடிக் கலவரத்தில அதே சிங்களத்திலதான் வாளிக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டு எங்கட ஆக்களைப் பிரிச்சவை. 'பால்திய' எண்டதை 'வால்திய' எண்டு சொன்னால் தமிழ் எண்டு தெரிஞ்சிடும், முடிஞ்சுது. நாங்கள் இரத்மலானை முகாமில இருந்து கப்பலில வடக்குக்குப் போய், பிறகு லண்டன். அந்த பஸ்ஸுக்கு நான் ஒரு நாளும் ஏங்கேல்லை, ஏங்கவும் மாட்டன்.

எண்டாலும் ஒண்டு இருக்கு. அப்ப மரைன் டிரைவ் இல்லை. வீடு, தண்டவாளம், அதுக்கு அங்கால கடல். ரயில் போகேக்க அலுமாரிக் கண்ணாடி அதிரும். அம்மா கதையை நிப்பாட்டுவா. ரயில் போன பிறகு விட்ட சொல்லில இருந்து தொடங்குவா. இங்கயும் வீட்டுக்குப் பின்னால ரயில் போகுது. நானும் நிப்பாட்டிறன். பேரப்பிள்ளையள் ஏன் எண்டு கேக்குதுகள்.

கொட்டாஞ்சேனை:
ஐயா, உங்களுக்குப் பதில் சொல்ற வயசு எனக்கு இல்ல. ஆனா 101 தம்பிய ஏச வேணாம். நாங்க சிங்கள ஆக்களோட ஒரே தோட்டக் குடியிருப்புல ஒரே பைப்புல தண்ணி பிடிச்சவங்க. மெல்பர்ன்ல செவ்வாய்க்கிழமை வந்தா கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மெழுகுதிரி வாசம் மூக்குக்குள்ள வருது, என் கதை அவ்வளவுதான்.

தங்கச்சி, ஒண்டு சொல்றேன் கேளுங்க. வீடியோ கோல்ல முகத்தப் பார்த்துட்டு இருக்காதீங்க, சாப்பிட்டியா, குளிரா, அதோட முடிஞ்சிரும். போனை ஜன்னல் கட்டுல வச்சிட்டு அம்மாவ அவங்க வேலையப் பார்க்கச் சொல்லுங்க. தேங்காய் திருவுற சத்தம், காகம், பக்கத்து வீட்டு டிவி, எல்லாம் வரும். உங்களுக்கு இரவு 8 மணிண்டா கொழும்புல பின்னேரம் 5.30. தம்பிக்கு கோடையில இரவு 8.30ண்டா அங்க அடுத்த நாள் விடிய 6. குளிர் காலத்துல ஒரு மணித்தியாலம் மாறும், அதக் கவனிங்க. வீட்டுல நல்ல வைஃபை இல்லாட்டிப் போட்டுக் குடுங்க, மத்த செலவ குறைங்க. முதல் பத்து நிமிசம் ரெண்டு பேருக்கும் கூச்சமா இருக்கும். கோல கட் பண்ணாதீங்க. நான் மூணு வருசமா இப்படித்தான்.

கடலோர ஒழுங்கை:
அக்கா, நேற்று எட்டு மணிக்கு எடுத்தன். அம்மா முதல்ல பயந்திட்டா, ஏதும் வருத்தமோ எண்டு. பிறகு போனை ஜன்னலில வைச்சிட்டு வெங்காயம் வெட்டினா. அங்க மழை, பாண்காரன் வரேல்லை. 2022இல பெற்றோல் இல்லாமல் அவன் வராத நாட்களில அம்மா ஜன்னலடியில நிக்கிறது ஞாபகம் வந்துது. அப்பதான் குப்பை லொறிக் கதையைத் தொடங்கினன். பாதியில ரயில் வந்துது. அம்மா கத்தியை வைச்சிட்டுப் பேசாமல் இருந்தா, நானும் நிப்பாட்டினன். ஐயா, நீங்கள் எழுதும் மட்டும் இதை நான் கவனிச்சதே இல்லை. ரயில் போன பிறகு அம்மா கேட்டா:

"ம், அந்த ஆச்சி பையைத் தந்தா. பிறகு?"