இங்கிலீஷ் வாய்ல வந்த கதை, வராத கதை: நம்ம காரைக்குடிப் பக்கத்து ஆளுக சொல்லுங்க

செக்காலை டீச்சர்:

கரண்டு இல்ல, கிளாஸும் இல்ல, போன்ல பாதி சார்ஜ் இருக்கு, அதான் ரொம்ப நாளா மனசுல கெடக்குறத கொட்டிரலாம்னு உக்காந்துட்டேன். காரைக்குடில ஒரு மாடி ரூம்ல சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்குறேன், பன்னெண்டு வருஷம் ஓடிருச்சு. நீங்க இங்கிலீஷ் எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க, இல்ல எப்படிக் கத்துக்கிட்டீங்க, நடந்தத நடந்தபடி போடுங்க, அட்வைஸ் வேணாம். மொதல்ல என் கதை.

பி.எட் படிக்கிறப்ப மொழி எப்படி வருதுங்கிற தியரி எல்லாம் கடகடன்னு ஒப்பிப்பேன். ஸ்கின்னர்னு ஒரு மனோதத்துவக்காரரு, அவருக்கு மொழின்னா பழக்கம், சொல்லச் சொல்ல படியும், சரியா சொன்னா பாராட்டு. 1957-ல அவரு புக்கு வந்துச்சு, ரெண்டே வருஷத்துல மொழியியல்காரரு சாம்ஸ்கி வந்து, புள்ளைங்க கேட்டத மட்டுமா சொல்லுது, கேக்கவே கேக்காத வாக்கியத்தையும்ல சொல்லுதுன்னு கிழிச்சுத் தொங்கவிட்டாரு. ரெண்டாம் மொழி எப்படி வருதுன்னு ஆராய்ஞ்ச கிராஷன்னா ஐ பிளஸ் ஒன், அதாவது புள்ளைக்குத் தெரிஞ்சதுக்கு ஒரு படி மேல இருக்கணும் ஆனா புரியற மாதிரி காதுல விழணும். அஞ்சு மார்க்னா அரைப் பக்கம், பத்து மார்க்னா ரெண்டு பக்கம். எழுதுனேன், பாஸ் ஆனேன், கிளாஸ் ஆரம்பிச்சதும் எங்க வாத்தியார் எனக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தாரோ அப்படியேதான் நானும் சொல்லிக் குடுத்தேன். ஐ கோ டு ஸ்கூல், ஹீ கோஸ் டு ஸ்கூல், தே கோ டு ஸ்கூல். வாய்ப்பாடு மாதிரி கோரஸ். கீழ கடை வெச்சிருக்க அண்ணனுக்கே மனப்பாடம் ஆயிருச்சு, நான் படி ஏறுனாலே ஹீ கோஸ்னு கிண்டல் பண்ணுவாரு.

ஒரு நாள் கிளாஸ் முடிஞ்சு ராத்திரி ஏழரை மணி, ஒரு பையன் பைய மாட்டிக்கிட்டு படில இறங்குறான். வேர் ஆர் யூ கோயிங்னு சும்மா கேட்டேன். கொஞ்சங்கூட யோசிக்காம, ஐ கோ டு ஸ்கூல் மிஸ்ங்குறான். ராத்திரி ஏழரைக்கு! நான் சிரிச்சுட்டேன், வீட்டுக்குப் போய்த்தான் வயித்தக் கலக்குச்சு. ஆறு மாசமா மாசம் பொறந்தா காசு வாங்கியிருக்கேன், அந்தப் புள்ளைக்கு நான் குடுத்தது ஒரு சத்தம், அம்புட்டுதான்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை என்ன சொல்லிக் குடுக்குறதுன்னு ஒண்ணும் தயார் பண்ணாமப் போயிட்டேன் (உண்மையச் சொல்லிர்றேன்). போர்டுல சும்மா மதுரை பஸ் நாலு எழுதுனேன், கெளம்புற நேரம், போய்ச் சேர்ற நேரம். உங்க அத்தை மதுரைல ஆஸ்பத்திரில இருக்காங்க, நாலு மணிலேந்து ஆறு மணி வரைக்கும்தான் பாக்க விடுவாங்க, உங்களுக்கு ஸ்கூல் ஒரு மணிக்கு முடியுது, எந்த பஸ்ல போவீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். ஒருத்தி ரெண்டாவது பஸ்னா. கடைசி பெஞ்சுல வாயே தெறக்காத ஒருத்தன் இருப்பான், எந்திரிச்சு நின்னுட்டான். "மிஸ், நோ. தட் பஸ் ஸ்டாப் திருப்பத்தூர். டிரைவர் டீ. ட்வென்டி மினிட்ஸ். லேட்." அவன் அப்பா அந்த ரூட்ல கண்டக்டராம். ஒடனே இன்னொருத்தன், நோ நோ, டீ ஒன்லி டென் மினிட்ஸ்ங்குறான். சண்டையே வந்துருச்சு, இங்கிலீஷ்ல! இலக்கணம் பாத்தா ஒண்ணுகூடத் தேறாது. ஆனா அந்த ரூம்ல மொத மொதல்ல ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் காது குடுத்துக் கேட்டது அன்னிக்குத்தான்.

வீட்டுக்கு வந்து பழைய பி.எட் நோட்டப் புரட்டுனா, என் கையெழுத்துலயே இருக்கு. இங்கிலீஷ் எப்படிச் சொல்லிக் குடுக்குறதுன்னு ஆராய்ஞ்ச என்.எஸ்.பிரபு, பெங்களூர்-மெட்ராஸ் ப்ராஜெக்ட், 1979-லேந்து 1984 வரைக்கும். நம்ம மெட்ராஸ்ல, சாதாரணப் பள்ளிக்கூடங்கள்ல, இலக்கணத்த எடுத்துச் சொல்லாம டைம்டேபிள், மேப்பு, கணக்கு மாதிரி டாஸ்க் குடுத்தே நடத்திப் பாத்திருக்காரு. அந்த டாஸ்க்குல மூணு வகை: ஒருத்தருக்குத் தெரிஞ்ச தகவல் இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்குறது ஒரு வகை இடைவெளி, இருக்குற தகவல வெச்சு யோசிச்சு முடிவுக்கு வர்றது இன்னொண்ணு, அவங்கவங்க கருத்தச் சொல்றது மூணாவது. நடுவுல உள்ள யோசிக்கிற வகைதான் கிளாஸ்ல நல்லா ஓடுச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. கவனம் அர்த்தத்துல இருந்தா இலக்கணம் தன்னால உள்ள படியும்ங்கிறது அவரு கட்சி. இத நான் அஞ்சு மார்க்குக்கு எழுதி நாலரை வாங்கியிருக்கேன். மதுரை பஸ் வந்துதான் புரிஞ்சுச்சு.

கானாடுகாத்தான் சமையக்கட்டு:

டீச்சர் நான் எட்டாப்பு பெயில். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. இங்க பழைய செட்டியார் வீட்ட ஹோட்டலா ஆக்கியிருக்காக, அதுல சமையலுக்கு இருக்கேன், வெள்ளைக்காரவுக வந்தா சமையல் செஞ்சு காமிக்கணும். மொத மாசம் ஒரு வார்த்தை வராது, மானேஜர் சார்தான் பக்கத்துல நின்னு சொல்லுவாரு. ஒரு நாள் அவரு வரல. பிரான்ஸ்லேந்து நாலு பேரு. அவுகளுக்கும் இங்கிலீஷ் அரைகொறதான், அதுதான் எனக்கு தைரியம்!

சின்ன வெங்காயம் நறுக்கச் சொன்னேன், அந்தம்மா பெருசு பெருசா நறுக்குது. கட் ஸ்மால்னேன். நறுக்கிக் காமிச்சுது. நோ, மோர் ஸ்மால்னேன். அந்தம்மா கத்திய நிறுத்திட்டு என்னப் பாத்து, ஸ்மாலர்? னு கேட்டுச்சு. ஆங், ஸ்மாலர் ஸ்மாலர்னேன். அன்னிக்குப் புடிச்ச வார்த்தை இன்னிக்கு வரைக்கும் விடல. பிக்கர், ஹாட்டர் எல்லாம் நானே சேத்துக்கிட்டேன். ஒரு தடவ மசாலா நல்லா இருக்கான்னு கேக்கப் போயி குட்டர்னு சொல்லிட்டேன், அவுக சிரிச்சுக்கிட்டே பெட்டர்னாக. அதுவும் புடிச்சுக்கிட்டேன்.

இப்ப கோழி, வெள்ளைப் பணியாரம் எல்லாம் தனியாவே சொல்லிருவேன். ஆனா ஒண்ணு, எல்லாம் கட், போடு, கிண்டு அளவுதான். அவுக வீட்டுக் கதை கேட்டா முழிப்பேன். அது எப்ப வரும் டீச்சர்?

தேவகோட்டை ரிட்டயர்டு:

டீச்சரம்மா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் 1972-ல் வாத்தியார் வேலைக்கு வந்தவன். மெட்ராஸ் ஸ்டேட்டுல 1950-கள்லயே ஸ்ட்ரக்சுரல் சிலபஸ் வந்துருச்சு, எங்களுக்கு ட்ரெயினிங்ல அதுதான். ஒரு நாளைக்கு ஒரு வாக்கிய அமைப்பு, சப்ஸ்டிடியூஷன் டேபிள்னு கட்டம் போட்டு நாலு வார்த்தை இந்தப் பக்கம் நாலு வார்த்தை அந்தப் பக்கம், மாத்தி மாத்திக் கோத்தா பதினாறு வாக்கியம் வரும், பதினாறுல பத்து யாரும் வாழ்க்கையில சொல்லாத வாக்கியம். தி கேட் இஸ் அண்டர் தி டேபிள்னு முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன், ஒரு வீட்லயும் ஒரு பூனையும் மேஜைக்குக் கீழ நான் பார்த்ததில்லை, அடுப்பு மேடையிலதான் பாத்திருக்கேன். ஆனாலும் சொல்றேன், அந்த டேபிள்ல படிச்ச பசங்க இன்னிக்கு மலேசியாவுலயும் சிங்கப்பூர்லயும் தப்பில்லாம லெட்டர் எழுதுறான். இப்ப வர்ற பிள்ளைகள் சரளமா தப்பாப் பேசுது. எது மேல்னு நீங்களே சொல்லுங்க.

எங்க ஐயாவ வெச்சு ஒண்ணு சொல்றேன். பதிமூணு வயசுல ரங்கூன் மொகல் தெருவுல வட்டிக் கடைக்குப் பெட்டியடிப் பையனா, அதான் எடுபிடியாப் போனவுக. பர்மாக்காரன் நெல்லு மேல கடன் கேட்டு வருவான், வட்டி பேசணும், பேசத் தெரியலேன்னா அன்னிக்கு மேலாள்ட்ட திட்டு. ஒரு வருஷத்துல பர்மா பாஷை தண்ணியாப் பேசுனாகளாம், ஒரு எழுத்து எழுதத் தெரியாது. இங்கிலீஷ் அதுக்கு நேர் எதிர். ராத்திரி அரிக்கேன் வெளக்குல டிக்‌ஷனரியும் கிராமர் புக்கும் வெச்சுக்கிட்டு தமிழ்லேந்து வார்த்தை வார்த்தையா மாத்திப் படிச்சது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தப்ப எல்லாத்தையும் போட்டுட்டு வந்தாக. அதுக்கப்புறம் நஷ்டஈடு கேட்டு சர்க்காருக்கு இங்கிலீஷ்ல மனு எழுதுவாக, முத்து முத்தா இருக்கும், நான் பாத்திருக்கேன். ஆனா ஒரு நாள் பட்டாலையில உக்காந்திருக்கையில ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து ஹவ் டு யூ டு சொன்னா, ஐயா எந்திரிச்சு கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாக! கடைசிக் காலத்துல நெனவு தப்பியும் பர்மா பாஷையில யாரையோ அசலு வட்டி கேட்டுக்கிட்டு இருந்தாக. இங்கிலீஷ் ஒரு வார்த்தை வரல.

இதை எழுதி முடிச்சப்புறம்தான் தெரியுது, நான் டீச்சரம்மா கட்சிக்கே சாட்சி சொல்லியிருக்கேன்னு. போகட்டும். ஆனா மனு எழுதினது ராத்திரி படிச்ச கிராமர்தான், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

ஆத்தங்குடிக் கல்லு:

வாத்தியார் ஐயா சொன்ன பூனை எங்க டைல்ஸ் பட்டறைல இருக்கு. கேட் இஸ் ஆன் தி வெட் சிமெண்ட். தெனமும் ஒரு கல்லு போகுது.

செக்காலை டீச்சர்:

😂 கல்லு அண்ணே, அந்தக் கல்ல எடுத்து வைங்க, கிளாஸுக்கு வேணும்.

சமையக்கட்டு அக்கா, உங்க ஸ்மாலர் கதைய நான் பிரிண்ட் போட்டு செவுத்துல ஒட்டப் போறேன். அந்தம்மா புரியலேன்னு நிறுத்திக் கேட்டுச்சே, நீங்க தப்பாச் சொன்னதயே சரியாத் திருப்பிச் சொல்லிக் கேட்டுச்சே, அந்த இடத்துலதான் மொழி ஏறுதுன்னு மைக்கேல் லாங்னு ஒருத்தர் 1980-கள்ல எழுதியிருக்காரு, பேச்சு தட்டி நின்னு ரெண்டு பேரும் சரி பண்ணிக்கிற இடம். குட்டர்னு சொன்னதும் தப்பே இல்ல, அது நல்ல அறிகுறி. யாரும் உங்களுக்கு குட்டர்னு சொல்லிக் குடுக்கல, ஸ்மாலர் பிக்கர் பாத்து நீங்களே விதி கண்டுபுடிச்சிருக்கீங்க. 1967-லயே பிட் கார்டர்னு ஒருத்தர், தப்பு வந்தா அடிக்காதீங்க, புள்ள மண்டைல என்ன ஓடுதுன்னு அந்தத் தப்புதான் காமிக்குதுன்னு சொல்லிட்டாரு. ஆனா நீங்க பயப்படுறதும் நியாயம்தான். வேலைக்குப் போதும்னு ஆயிட்டா மொழி அங்கயே கெட்டிதட்டி நின்னுரும், செலின்கர்னு ஒருத்தர் 1972-ல இதுக்கு கல்லாப் போறதுன்னே பேர் வெச்சாரு. அவுக வீட்டுக் கதை கேட்டா முழிக்காதீங்க அக்கா, திருப்பி நீங்க கேளுங்க. யுவர் மதர் குக்கிங்? னு ஆரம்பிச்சாப் போதும், மிச்சத்த அவுக இழுத்துட்டுப் போவாக.

சார், உங்க கேள்விக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. நானும் பஸ் கணக்கு மட்டும் வெச்சு ஓட்டல. பிரபு கிளாஸ்ல குரூப்பா விடமாட்டாரு தெரியுமா, ஒருத்தன் தப்பு இன்னொருத்தனுக்கு ஒட்டிக்கும்னு. மொதல்ல டீச்சரோட சேந்து எல்லாரும் சத்தமா ஒண்ணு பண்ணணும், அப்புறம் அதே மாதிரி ஒண்ணு தனித்தனியா. அது நம்ம ஊருக்கு நல்லா ஒத்துவருது, அறுவது புள்ளைங்கள வெச்சுக்கிட்டு குரூப் போட்டா மீன் மார்க்கெட்தான். அவரே 1990-ல, எல்லாத்துக்கும் பெஸ்ட்டுன்னு ஒரு மெத்தட் கிடையாது, வாத்தியாருக்கு தான் செய்யறது ஏன் பலிக்குதுன்னு ஒரு உள்ளுணர்வு இருக்கணும், அது செத்துப்போய் இயந்திரமா நடத்துனா எந்த மெத்தடும் செத்ததுதான்னு எழுதிட்டாரு. நீங்க ரசிச்சு நடத்துன சப்ஸ்டிடியூஷன் டேபிள் நான் தூங்கிக்கிட்டே நடத்துன கோரஸ விட நல்லாத்தான் இருந்திருக்கும்.

உச்சரிப்பு பத்தி யாரும் சொல்லலயே? இஸ்கூல் இஸ்டேஷன்னு புள்ளைங்க சொன்னா நான் முன்னல்லாம் கத்துவேன். தமிழ்ல மெய்யெழுத்துல சொல்லு தொடங்காது, நன்னூல் படிச்ச நாமளே அத மறந்துட்டு புள்ளையத் திட்டுறோம். பிக்னு இங்க நான் டைப் பண்ணுனா அது பெருசா பன்னியான்னு உங்களுக்கே தெரியாது, நம்ம எழுத்து ஒண்ணுதானே, புள்ள காது மட்டும் எப்படிப் பிரிக்கும்? உதட்டுக்கு முன்னாடி பேப்பரப் புடிக்கச் சொல்லுவேன், பன்னின்னா பேப்பர் ஆடும், பெருசுன்னா ஆடாது. பன்னிக்கு எப்பவும் ஓவர் டிமாண்ட்.

பள்ளத்தூர் அம்மா:

எல்லாரும் சிரிக்கிறீங்க, எனக்கு அழுகையா வருது. என் பொண்ணு யூகேஜி. பேர் சொல்ல விரும்பல, இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பேசுனா ரெண்டு ரூவா ஃபைன். வீட்ல வாயாடி, அவ அப்பத்தாளயே அதட்டுவா, ஸ்கூல்ல நாலு மாசமா வாயே தெறக்கலன்னு மிஸ் சொல்றாங்க. போன வாரம் யூனிஃபார்ம் நனைஞ்சு வந்தா. ஏண்டி கேக்க வேண்டியதுதானேன்னா, அம்மா அது பெருசா இருக்கு, மே ஐ வரைக்கும்தான் வருதுங்குறா. ராத்திரி தூக்கத்துல மே ஐ மே ஐன்னு சொல்றா. பேசாம தமிழ் மீடியத்துக்கே மாத்திரலாமான்னு இவுகட்ட கேட்டேன், ஊர் என்ன சொல்லும்ங்குறாரு.

செக்காலை டீச்சர்:

அம்மா, மொத வேலையா நாளைக்கே ஸ்கூலுக்குப் போயி, பாத்ரூமுக்கு எந்த பாஷையும் வேணாம், விரலக் காட்டுனாப் போதும்னு கேட்டு வாங்குங்க. அது தியரி இல்ல, மனுசத்தனம். பேசாம இருக்குறதுக்கு பயப்படாதீங்க. புது மொழி காதுல விழறப்ப சின்னப் புள்ளைங்க மாசக்கணக்கா வாயத் தெறக்காம உள்வாங்கும், அது சும்மா இருக்குற காலம் இல்ல. ஆனா பயம் இருந்தா காதுல விழுறதும் உள்ள போகாது, வடிகட்டி மாதிரி மனசு அடைச்சுக்கும்னு கிராஷன் சொல்லுவாரு. அந்த ரெண்டு ரூவாதான் அடைப்பு. புக்குல இந்தியாவுல இங்கிலீஷ் ரெண்டாம் மொழி, ஜப்பான்லதான் அந்நிய மொழின்னு போட்டிருக்கும், புதுவயல் தாண்டி இருக்குற கிராமத்துப் புள்ளைக்கு அது அந்நிய மொழிதான். எனக்கு தமிழ் இல்லாம கிளாஸ் ஓடாது, ஒரு வார்த்தைக்கு தமிழ்ல அர்த்தம் சொன்னா அஞ்சு நிமிஷ நாடகம் மிச்சம்.

தேவகோட்டை ரிட்டயர்டு:

ஃபைன் போட்டு நானும் ஒரு காலத்துல வசூல் பண்ணியிருக்கேன் தாயி. எட்டணா. அந்தக் காசுல சாக்பீஸ் வாங்கினோம். ஸ்கூலுக்குப் போறப்ப துணைக்கு ஆள் வேணும்னா சொல்லு, நான் வர்றேன், வேட்டி சட்டையோட கிழவன் ஒருத்தன் வந்து நின்னா கொஞ்சம் கேப்பாக.

பள்ளத்தூர் அம்மா:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. சார் கூட வந்தாக, பெரிய உபகாரம். பாத்ரூமுக்கு விரல் காட்டலாம்னு ஒத்துக்கிட்டாங்க, ஃபைன் மட்டும் மேனேஜ்மென்ட் ரூலாம். அத விடுங்க, இத சொல்லத்தான் வந்தேன். நேத்து சாயங்காலம் முகப்புல சத்தம் கேக்குது, எட்டிப் பாத்தா பழைய மரப்பாச்சி ரெண்டையும் டெடி பியரையும் தூண் ஓரமா வரிசையா உக்கார வெச்சு, கைல அடிஸ்கேலு. "சிட் டவுன். கீப் கொயட். வொய் ஆர் யூ டாக்கிங்?" னு முழு வாக்கியமா வருது, அவ மிஸ் மாதிரியே இழுத்து! நான் கதவு மறைவுல நின்னு போன எடுக்கப் போறேன், அதுக்குள்ள அவ அப்பத்தா, என்னத்தா பண்றன்னு கேட்டுட்டாக. திரும்பிப் பாத்தா. "நோ டமில். டூ ருபீஸ் ஃபைன்." கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா. அத்தை ஒண்ணும் பேசாம சுருக்குப் பையத் தெறந்து குடுத்துட்டாக.