பாராமெட்ரிக் வடிவமைப்புக்குத் தமிழ்ச்சொல்: அளபுருவும் தளையும்

மதிப்பிற்குரிய குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பொறியாளர்களுக்கான கணினிவழி வடிவமைப்பு அறிமுகக் கையேட்டில் ‘பாராமெட்ரிக்’ (ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்தவையும் தாமே மாறும்படி வரையும் முறை) என்பதை எப்படி எழுதுவது என்று தொடங்கிய உரையாடலில் துணையலகு வடிவமைப்பு, அளவுசார் வடிவமைப்பு, அளபுரு வடிவமைப்பு ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. நான் மூன்றாவதை ஆதரிக்கிறேன். ஆனால் இதை மட்டும் இப்போது முடிவுசெய்துவிட்டு ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ (வரைபடத்தின் உறுப்புகள் தம் விருப்பப்படி அசையாதபடி நாம் விதிக்கும் நிபந்தனை) என்பதற்கான சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இந்த மென்பொருள்களில் ஒன்றில்லாமல் மற்றது இயங்காது; சொற்களையும் அப்படியே சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை வைத்து இதைச் சொல்கிறேன். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஷீட் அடிக்கும் மிஷின் இருக்கும். உறைந்த ரப்பர் பாலை ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு உருளைகளுக்கிடையே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், அது மெல்லிய தகடாக வெளியே வரும். இடைவெளியைத் திருகால் கூட்டிக் குறைப்பதை இப்போதைக்கு விட்டுவிட்டு, இரண்டு உருளைகளின் பக்கத்தோற்றத்தை மட்டும் ஃப்ரீகேட் மென்பொருளில் வரைவதாகக் கொள்வோம். அது இரண்டு வட்டங்கள்தாம். ஒரு வட்டத்தை மையத்தின் இரண்டு ஆயங்களும் ஆரமும் தீர்மானிக்கின்றன என்பதால் அதற்கு மூன்று வகை அசைவுகள் உண்டு. இரண்டு வட்டங்களுக்கு ஆறு. கீழ் வட்டத்தின் மையத்தை ஆதிப்புள்ளியில் பொருத்தினால் அவற்றில் இரண்டு அடங்கும். மேல் மையம் கீழ் மையத்துக்கு நேர்மேலே நிற்க வேண்டும் என்றால் ஒன்று அடங்கும். இரண்டு வட்டங்களும் சமம் என்றால் இன்னொன்று. மீதமுள்ள இரண்டையும் விட்டமும் மையங்களுக்கிடையேயான தொலைவும் அடக்கிவிடும். ஆறும் அடங்கியதும் வரைகோடுகள் பச்சை நிறத்துக்கு மாறும்.

இனி, மையத்தொலைவு என்ற இடத்தில் 103 என்று எண்ணாக எழுதாமல் ‘உருளைவிட்டம் + இடைவெளி’ என்று எழுதுகிறோம். உருளைவிட்டம் 100 மில்லிமீட்டர், இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால் மையத்தொலைவு 103 என்று மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். நாளை விட்டத்தை 125 ஆக்கினால் அது 128 ஆகும். அதையொட்டி வரையப்பட்ட, உருளைகளைத் தாங்கும் பக்கத்தகட்டின் துளைகளும் தகட்டின் உயரமும் கூடவே நகரும். நாகர்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு இதைக் காட்டியபோது, ‘ஒரு அளவை மாத்தினா பாக்கி எல்லாம் தானா மாறுமா?’ என்று கேட்டார். கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதத்தக்க வரையறை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

‘அளவுசார்’ என்ற சொல் இங்கே போதாது. கையால் வரைந்த பட்டறைப் படமும் அளவு சார்ந்ததுதான். ஆனால் அதில் விட்டத்தைத் திருத்தினால் மற்ற அனைத்தையும் நாமே அழித்து வரைய வேண்டியிருக்கும்.

‘துணையலகு’ என்பதை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. மேல்நிலைக் கணிதத்தில் மாணவர்கள் படித்துவரும் சொல் அது. பரவளையத்தின் துணையலகுச் சமன்பாட்டில் (x = at², y = 2at) ‘டி’ எல்லா மதிப்புகளையும் ஏற்று வளைகோட்டின்மேல் புள்ளியை நகர்த்திக்கொண்டு போகிறது. வளைகோடு அதே வளைகோடாகவே இருக்கிறது. பரவளையம் அகன்றதா குறுகியதா என்பதைத் தீர்மானிப்பது அதே சமன்பாட்டில் உள்ள ‘ஏ’. வடிவமைப்பு மென்பொருளில் நாம் பேசுவது இந்த ‘ஏ’ போன்றதைப் பற்றி. மாணவர் ‘துணையலகு’ என்று படித்ததும் அவருக்கு ‘டி’தான் நினைவுக்கு வரும். அது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும் என்பதால் அந்தச் சொல்லைக் கணிதத்துக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

‘அளபுரு’ ஏற்கெனவே கணினி அறிவியல் பாடங்களில் செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) கொடுக்கப்படும் அளவுகளைக் குறிக்க வழங்கிவருகிறது. அளபு என்றாலே அளவுதானே, அதில் ‘உரு’ எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 100 என்பது அளவு. ‘உருளைவிட்டம்’ என்பது அந்த அளவு வந்து அமரும், பெயரிட்ட இடம். இடம் நிலையானது, அதில் அமரும் எண் மாறக்கூடியது. இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே புரியவைக்காவிட்டால், மாணவர்கள் எல்லா இடத்திலும் நேரடியாக எண்களை எழுதிவைத்து, பிறகு மென்பொருள் மாற மறுக்கிறது என்று குறை சொல்வார்கள். அளவுக்கும் அளபுருவுக்கும் இரண்டு சொற்கள் இருப்பது கற்பிப்பவருக்குப் பெரிய உதவி.

இனி ‘கன்ஸ்ட்ரெயின்ட்’. வரலாற்றில் இதுதான் முந்தியது. 1963இல் ஐவன் சதர்லாந்து எம்ஐடியில் தம் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைகலை மென்பொருளில், ஒளிப்பேனாவால் வரைந்த கோடுகளை இணையாகவும் செங்குத்தாகவும் இருக்கும்படி கட்டளையிட முடிந்தது. சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1985இல் தொடங்கிய நிறுவனத்தின் புரோ-எஞ்சினியர் என்ற வடிவமைப்பு மென்பொருள் 1980களின் இறுதியிலும், சாலிட்வொர்க்ஸ் என்ற மற்றொன்று 1995இலும் வந்தபோது, அந்தக் கருத்து முப்பரிமாணப் பொருள்களுக்கும் அன்றாடப் பொறியியல் வேலைக்கும் வந்து சேர்ந்தது.

இதற்குக் ‘கட்டுப்பாடு’ என்று எழுதலாம் என்போர் நம்மில் பலர். நேரியல் திட்டமிடலில் அது பொருந்துகிறது. ஆனால் இயந்திரப் பொறியாளர் கட்டுப்பாடு என்றதும் கருவியை இயக்கி ஆள்வதைத்தான் நினைப்பார். ‘வரம்பு’ என்றால் அளவின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் நினைவுக்கு வரும். நமக்கு வேண்டியது, இரண்டு உறுப்புகளுக்கிடையே உள்ள உறவைக் குறிக்கும் சொல்: இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணை, இந்த வட்டம் அந்தக் கோட்டைத் தொடும் என்பன போல. யாப்பிலக்கணத்தில் நின்ற சீரின் ஈற்றசைக்கும் வரும் சீரின் முதலசைக்கும் உள்ள உறவைத் தளை என்கிறோம். அது தனிச்சீரின் இயல்பன்று, இரண்டு சீர்கள் சேருமிடத்து ஒழுங்கு. ஆகவே ‘தளை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இணை, செங்குத்து, சமம், தொடுகை ஆகியவை வடிவத்தளைகள். விட்டம், தொலைவு, கோணம் ஆகியவை அளவுத்தளைகள். அளபுரு அளவுத்தளையில் வந்து அமர்கிறது. இரண்டு சொற்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தளை என்றால் விலங்கு என்ற பொருளும் உண்டே, கட்டற்ற மென்பொருளைத் ‘தளையறு மென்பொருள்’ என்றும் எழுதுகிறார்களே என்ற தடை எழலாம். உண்மைதான்; ஃப்ரீகேட் கட்டற்ற மென்பொருளாக இருப்பதால் இரண்டு வழக்குகளும் ஒரே பக்கத்தில் வர நேரும். நம் கையேட்டில் மென்பொருளுக்குக் ‘கட்டற்ற’ என்பதையே சீராக எழுதிவந்தால் குழப்பம் இராது. மேலும், அசைவை அடக்குவது என்ற பொருள் இங்கே நமக்குத் தேவையானதே.

இந்தச் சொல்லால் இன்னொரு நன்மையும் உண்டு. மேலே சொன்ன ஆறு அசைவுகளும் அடங்கிய நிலையில், மேல் மையம் ஆதிப்புள்ளியிலிருந்து 110 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும் என்று கூடுதலாக ஒரு தளையிட்டால், 103க்கும் 110க்கும் ஒத்துவராமல் மென்பொருள் பிழை காட்டும். 103 என்றே மீண்டும் இட்டிருந்தால் முரண் இல்லை, ஆனால் அந்தத் தளை தேவையற்றது. பின்னதை மிகைத்தளை என்போம். முன்னதற்குப் புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டியதில்லை. தளை தட்டுகிறது என்றால் தமிழ் படித்த எவருக்கும் விளங்கும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியில் தொடங்கியதிலிருந்து, இத்தகைய சொற்களைத் தேர்வுத்தாளில் எழுத வேண்டிய மாணவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு சொல்லாக நாம் எழுதினால் அதன் சுமை அவர்கள்மேல்தான் விழும். எனவே வரும் பதிப்பிலேயே அளபுரு, தளை, வடிவத்தளை, அளவுத்தளை, மிகைத்தளை என்ற ஐந்தையும் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பேட், பாக்கெட், ஃபில்லட் போன்ற கட்டளைப் பெயர்களை, திரையில் மாணவர் காண்பது அவற்றையே என்பதால், இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விடலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் திருப்தியாக அமையவில்லை. வடிவத்தை இயக்காமல், இருப்பதை அளந்து காட்டுவதற்காக மட்டும் வைக்கும் அளவும் இந்த மென்பொருள்களில் உண்டு. வடிவத்தை மாற்றும் அளவை ‘இயக்களவு’ என்றும் இதைக் ‘காட்டளவு’ என்றும் எழுதிப்பார்த்தேன். ‘காட்டளவு’ என்பதைக் காட்டின் அளவு என்றும் பிரித்துப் படிக்கலாம் என்பது இடராக இருக்கிறது. பட்டறைகளில் இதற்கு வழக்குச் சொல் ஏதேனும் இருந்தால் நண்பர்கள் அன்புகூர்ந்து எழுதுங்கள்.