ஏஐ எழுதித் தரும் பாண்டாஸ் கோடு ஓடமாட்டேங்குதே?

கேள்வி: பைத்தானில் டேட்டாவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் டேட்டாஃப்ரேமில் (டேபிளில்) வரிசை சேர்க்கச் சொன்னால் ஏஐ அசிஸ்டென்ட் திரும்பத் திரும்ப அப்பெண்ட் என்றே எழுதுகிறது. ஓட்டினால் அட்ரிப்யூட் எரர், அதாவது அப்படியொரு மெத்தடே இல்லை என்கிறது. ஏன்?

பதில் 1: அந்த மெத்தடை 2023-ல் வந்த பாண்டாஸ் 2.0-லேயே தூக்கிட்டாங்க. ஏஐ படிச்சதுல பழைய கோடு ஏராளம். டேபிள்களை ஒட்டுற கான்கேட் ஃபங்ஷனைப் போடுங்க.

பதில் 2: ஆனா கான்கேட்டை லூப்புக்குள்ள வைக்காதீங்க. ஏஐ பல நேரம் அப்படித்தான் மாத்திக் கொடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் முழு டேபிளும் காப்பி ஆகும். வரிசை கூடக்கூடத் திணறும். வரிசைகளைச் சாதா லிஸ்ட்டில் சேர்த்து, லூப் முடிஞ்சதும் ஒரே தடவை டேட்டாஃப்ரேம் ஆக்குங்க.

பதில் 3: அண்டர்ஸ்கோர் போட்ட அப்பெண்ட்னு குறுக்குவழி காட்டினா ஏமாந்துடாதீங்க. சில வெர்ஷன்ல ஓடும், ஆனா அது பாண்டாஸோட உள்வேலைக்கான மெத்தட், எப்ப வேணா காணாமப் போகும். டெர்மினல்ல பிப் ஷோ பாண்டாஸ்னு அடிச்சு, வர்ற வெர்ஷன் நம்பரை ப்ராம்ப்ட்லயே கொடுங்க. சும்மா ‘லேட்டஸ்ட்’னு சொன்னா ஏஐக்குப் பழசுதான் லேட்டஸ்ட்!